கூட ஓடி வந்த பெரியவர்

கம்பெனி பஸ் முக்கூட்டில் நின்று கிளம்பியது. என் மருமகள் பிரிஸ்கில்லா இறங்கி நடந்து வந்தாள். வழக்கமாக அவள் கையில் சோற்றுப் பையும், பேத்தி எஸ்தருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கும். அன்றைக்கு ஓர் அட்டைப் பெட்டியும் இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு அதுவே பிடிக்கவில்லை. புதுப் பெட்டி வந்தால் அதைக் கொடுத்த கை ஒன்று இருக்கும். நான் அப்படித்தான் யோசிப்பேன்.

"இன்னா அது?"

"ஷூ மாமா."

"எஸ்தருக்கா?"

"எனக்கு."

"கம்பெனியில குடுத்ததுதான் கீதே."

"அது வேலைக்கு மாமா. இது ஓடறதுக்கு."

ஒரகடம் பக்கம் போன் சாமான் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கேட்டிருக்கிறார்கள். இவளும் கொடுத்துவிட்டாள். இருபத்தொரு கிலோமீட்டர்.

"ஆஃப் மாரத்தான் மாமா. அதுன்னா பாதி."

"ஓடினா முயுசா ஓடு. இல்லன்னா வூட்ல கெட. அது இன்னா பாதி?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பந்தயம் எங்கே, எப்போது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் காலனி. வாலாஜாபாத் போகிற ரோட்டில் கடைசி வீடு எங்களுடையது. என் மகன் செந்தமிழன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அதனால் வீடு முழுக்க இவள் தலையில்தான். குழாயில் தண்ணீர் வரும்போது பிடிக்க வேண்டும். எஸ்தருக்கு ஜடை போட்டு ஸ்கூல் வேனில் ஏற்ற வேண்டும். எனக்குச் சர்க்கரை மாத்திரை, கேழ்வரகுக் கூழ். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிப்ட். இதற்கு நடுவில் ஓடப் போகிறாளாம்.

"விடியறதுக்கு முன்னாடி ஓடிட்டு வந்துட்டேன்னா ஒரு வேலையும் நிக்காது மாமா" என்றாள்.

நிற்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். காலை ஷிப்ட் வாரத்தில் வேலை முடிந்து வந்து சாயங்காலம் ஓடினாள். மத்தியான ஷிப்ட் வாரத்தில் விடிகாலைப் பனியில் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முன்னால் ரொம்ப தூரம் ஓடினாள். தோசை கருகவில்லை, துணி சேரவில்லை. முன்பெல்லாம் கம்பெனியிலிருந்து வந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தாள். ஒருத்தி இவ்வளவு பாடுபட்டுவிட்டுச் சந்தோஷமாக இருக்கிறாள் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

டீக்கடை சேட்டு அதற்கு எண்ணெய் ஊற்றினான்.

"ஏசு, உன் மருமவ டெய்லியும் பஸ்ஸ வுட்டுடறாளா? ரோட்ட புடிச்சு ஓடிக்கினே கீறா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பந்தயத்துக்கு ஓடறா. உனுக்கு இன்னா?"

"எனுக்கு ஒண்ணுமில்லப்பா. யார் கூடயோ பேசிக்கினே ஓடறா. சிரிப்பு வேற."

"போன்ல பேசுவா."

"போன்லயா? அப்ப சரி. போன்லயும் ஒரு ஆள் இருந்துதான ஆவணும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் விடிகாலை அவள் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அலமாரியைப் பார்த்தேன். போன் சார்ஜில் கிடந்தது. போன் இல்லாமல் எவனோடு பேசுவாள்? பக்கத்தில் ஓடி வருகிறவனோடுதான் பேச முடியும். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியாகக் கரை ஏறி மதகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

மார்கழிப் பனி. ஏரி ரொம்பி இருந்தது. தண்ணீர் தெரியவில்லை, கரையில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாசி வாசனை. தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன.

தூரத்தில் ஷூ சத்தம் வந்தது.

தவளைகள் நின்றுவிட்டன.

பிரிஸ்கில்லா பனிக்குள்ளிருந்து வந்தாள். "ஆமா, எல்லாம் அறுப்புக்கு வந்துடுச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, அவரு லாரி ஓட்டறாரு" என்றாள். பிறகு சிரித்தாள். என் முன்னாலேயே கடந்து போனாள்.

கூட ஒருத்தரும் இல்லை.

ஆனால் ஒன்று பார்த்தேன். நல்ல தார் ரோடு பக்கத்தில் இருக்க, அவள் ஓரமாகச் சரளைக் கல்லில் ஓடினாள். கூட வருகிறவருக்கு வழி விட்டு ஒதுங்கி ஓடுகிற மாதிரி.

அவள் குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்ததும் கேட்டேன்.

"யார் கூட பேசிக்கினு ஓடற?"

அவள் பயப்படவில்லை. "ஒரு பெரியவரு மாமா. வாலாஜாபாத் பக்கத்துலருந்து வராரு."

"பேரு?"

"கேக்கல."

"எந்த ஊரு?"

"அதுவும் கேக்கல. பேச்சுத் தொணைக்கு நல்லா கீது. செருப்பு கூட இல்ல மாமா, ஆனா மூச்சே வாங்கல. எனக்குத்தான் நுரை தள்ளுது."

"இன்னா பேசறான்?"

"ஏரி ரொம்பிச்சா, எப்ப அறுப்பு, நம்ம தெருவுல யாரு யாரு கீறாங்க, நம்ம வூட்ல எத்தினி பேருன்னு."

எனக்குச் சுர்ரென்றது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறவன் திருடன். ஆம்பிளை எப்போது ஊரில் இருப்பான் என்று நோட்டம் பார்க்கிறவன். நான் மதகிலிருந்து பார்த்தபோது ஆள் தெரியவில்லை. பனியில் என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்கே டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் ரோட்டில் ஊர் ஊராக விசாரித்தேன். வெறுங்காலோடு ஓடுகிற கிழவனை யாரும் பார்த்ததில்லை. ஆனால் தனியாகப் பேசிக்கொண்டு ஓடுகிற பொம்பளையை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பியதும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பின்னாலேயே போனேன். அவள் திரும்பிப் பார்த்து முறைத்தாள். வீடுகளில் இன்னும் கிறிஸ்துமஸ் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. காலனி தாண்டியதும் வெளிச்சமே இல்லை. அவள் வழக்கமான தூரம் வரைக்கும் போய்த் திரும்பினாள். நானும் திரும்பினேன். என் வண்டி லைட்டில் அவள் முதுகும் ஷூவும் மட்டும் தெரிந்தன.

திரும்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் அவள் ஓடிக்கொண்டே சொன்னாள்.

"மாமா, வர்றதா இருந்தா லைட்ட ஆஃப் பண்ணிட்டு வாங்க. அவருக்குக் கண்ணு கூசுதாம்."

லைட்டில் பார்த்தேன். அவள் ஒருத்திதான்.

ஏன் அணைத்தேன் என்று தெரியவில்லை. அணைத்தேன்.

இருட்டில் முதலில் ஷூ சத்தம் கேட்டது. தப், தப். பிறகு அதற்கு அடியில் இன்னொரு சத்தம். ஈரத் தரையில் வெறுங்கால் படுகிற சத்தம். சத், சத். நடுநடுவே குச்சி ஊன்றுகிற சத்தம்.

டொக்.

நனைந்த வைக்கோல் புகைகிற வாசனை வந்தது. வயலில் யாரும் அந்த நேரத்தில் நெருப்பு வைப்பதில்லை.

வண்டியை நிறுத்தினேன். என்ஜின் அடங்கியது. ஷூ சத்தம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. வெறுங்கால் சத்தம் போகவில்லை.

நின்றது.

என் வண்டிக்குப் பக்கத்தில்.

டொக். டொக்.

"யாரு" என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். யாரைப் பார்த்தாலும் முதலில் நான் கேட்கிற வார்த்தை அதுதான். ஆனால் அந்தக் குச்சி தட்டிய தட்டில் எனக்குப் புரிந்துபோயிற்று. துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

போன் வராத காலத்தில் ஊரில் யார் செத்தாலும் வெளியூர் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல எங்கள் தெரு ஆளைத்தான் ஓட வைப்பார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் தலையில் வைத்த வேலை. எங்கள் சாவுக்கும் நாங்களேதான் ஓடினோம். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கையில் ஒரு குச்சியோடு ஓடுவான் சேதிக்காரன். போய்ச் சேர்ந்தாலும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நின்று குச்சியால் தரையைத் தட்டி, வீட்டு ஆம்பிளையைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் "யாரு?" என்று கேட்ட பிறகுதான் சேதியைச் சொல்ல வேண்டும். கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

அதனால் சேதிக்காரன் வருகிறான் என்று தெரிந்ததும் கொல்லைப் பக்கமாக வயலுக்குப் போய்விடுகிற ஆட்கள் இருந்தார்கள். காதில் விழாத வரைக்கும் தன் வீட்டில் சாவு இல்லை என்று ஒரு நினைப்பு. இன்னும் சிலர் பொய் சொல்வார்கள். அந்த ஆள் இங்கே இல்லை, இன்ன ஊருக்குப் போய்விட்டான் என்று திருப்பிவிடுவார்கள். அது பொல்லாத வேலை. திருப்பிவிட்ட சேதி அந்த ஊரிலேயே நிற்குமாம். நம் வீட்டு ஆள் யார் அங்கே போனாலும் அவர் மேல் ஏறிக்கொள்ளுமாம். பிறகு அவர்தான் அதைச் சுமந்து வந்து சொல்லியாக வேண்டுமாம்.

சர்ச்சுக்குப் போகிறவன் இதையெல்லாம் நம்பலாமா என்று பாஸ்டர் கேட்பார். அவர் அந்த இருட்டில் நின்றதில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. சத், சத் என்று கால் சத்தம் மறுபடியும் கிளம்பி அவள் போன பக்கமாக ஓடியது.

நான் குறுக்கு வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். அவள் வெயில் வந்த பிறகு நடந்து வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. சந்தோஷமாக இருந்தாள்.

"அந்தப் பெரியவரு எங்க போறாருன்னு கேட்டியா?"

"கேட்டேன் மாமா. நம்ம வூட்டுக்குத்தான். உங்களப் பாக்கணுமாம். உங்க பேரச் சொன்னாரு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஏன் இன்னிக்கு வரல?"

"அவரு ஓடறவங்க கூடத்தான் வருவாராம். ஒரு வூட்டுக்குத் தனியா வர முடியாதாம். நான்தான் கடைசியில முடியாம நடந்துடறேன்ல. எங்க நடக்க ஆரம்பிக்கறேனோ அங்கயே நின்னுடறாரு. போன வாரம் ரெண்டு மதகுக்கு அந்தாண்டயே நின்னுட்டாரு. இன்னிக்கு நம்ம மதகாண்டயே வந்துட்டாரு." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கெயம இருவத்தொண்ணையும் ஓடிப் பாக்கப் போறேன். நம்ம கேட்டத் தொட்டுட்டுதான் நிப்பேன்."

யாருடைய சேதி? என் வீட்டு ஆள் என்று வெளியே இருப்பது செந்தமிழன் ஒருத்தன்தான். போன் போட்டேன்.

"எங்க கீற?"

"நாக்பூர் தாண்டிட்டேன் நைனா. இன்னா?"

"வண்டிய ஓரங்கட்டு. ஒரு வாரம் ஓட்டாத."

"லோடு கீது நைனா. ஓனரு இன்னா உன் மாமனா? இன்னா பேஜாரு உனுக்கு?"

"சொன்னா கேளு."

"தூங்கு நைனா" என்று வைத்துவிட்டான்.

பிரிஸ்கில்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குச்சி, வாசனை, சேதி. அவள் மாவு கரைத்துக்கொண்டே கேட்டாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல ஷூ யாரு வாங்கிக் குடுத்தான்னு பாத்தீங்க. அப்புறம் போன்ல யாருன்னீங்க. அப்புறம் திருடன்னீங்க. இப்ப சாவா?"

"இது வேற."

"ஒவ்வொரு தபாவும் வேறதான் மாமா. காலையிலருந்து ராத்திரி வரைக்கும் எல்லாருக்காவும் ஓடறேன். அத ஒருத்தரும் ஏன் ஓடறன்னு கேக்கல. இது ஒண்ணு எனுக்குன்னு ஓடறேன். இதுக்குத்தான் இம்மாம் விசாரணை."

இதுவரை அவள் மேல் பட்ட சந்தேகம் ஒன்றும் சரியாக இருக்கவில்லை. இந்த ஒன்றையாவது அவள் எதற்கு நம்ப வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு போய்விட்டாள். நான் கேட்டுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஜெபம் பண்ணினேன். பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று. மறுபடியும் முதலிலிருந்து பண்ணினேன். கிழக்கே லேசாக வெளுத்தது. ரோட்டில் ஒரு டிப்பர் லாரி போனது. அது கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் தெருநாய்கள் எழுந்து எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் ஏரிப் பக்கமாக ஓடிவிட்டன.

தப், தப்.

அவள் நடக்கவில்லை. கடைசி வளைவிலும் ஓடிக்கொண்டுதான் வந்தாள். வாய் பிளந்திருந்தது, கை தொங்கியது. ஆனால் ஓடினாள். கேட்டுக் கம்பியைத் தொட்டாள். குனிந்து மூச்சு வாங்கினாள்.

"முடிச்சிட்டேன் மாமா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என்னைத் தாண்டி உள்ளே தண்ணீர் குடிக்கப் போனாள்.

வைக்கோல் புகை வாசனை கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

டொக். டொக்.

"ஏசுதாஸு."

ரொம்ப நாள் தண்ணீர் படாத தொண்டை. வெளியே ரோடு தெரிந்தது, எதிர் வயல் தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

"ஏசுதாஸு."

"யாரு" என்று கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"அவன் இங்க இல்ல. வூட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

குச்சி தட்டுவது நின்றது.

"எங்க."

எனக்கு எந்த ஊரில் ஆள் இல்லை என்று யோசித்தேன். காஞ்சிபுரத்தில் தங்கச்சி மகள் இருக்கிறாள். செங்கல்பட்டில் சம்பந்தி. வாலாஜாபாத்தில் பாதி சொந்தம். எங்கள் ஆள் ஒருத்தர்கூட இல்லாத ஊர், போனாலும் கண்டுபிடிக்க முடியாத ஊர்.

"மெட்ராஸுக்கு" என்றேன்.

பிறகு சத், சத் என்று வெறுங்கால் கிழக்கே திரும்பி ஓடியது. சத்தம் சின்னதாகிச் சின்னதாகி அடங்கியது. காக்கை கத்தியது. எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்தது.

ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. அன்றைக்குச் சர்ச்சில் சத்தமாகப் பாடினேன். சேட்டு கடையில் டீயோடு வடையும் சாப்பிட்டேன். பிரிஸ்கில்லாவிடம், "நீ எங்க வேணா ஓடு" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாளாம்.

அந்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பனியன் கொண்டுவந்தாள். முன்பக்கம் குத்திக்கொள்ள நம்பர் போட்ட துணி. எஸ்தர் அதைப் பாவாடை மாதிரி சுற்றிக்கொண்டு ஆடினாள்.

"எங்க பந்தயம்? கம்பெனியிலதான?"

"மெட்ராஸ்ல மாமா. பீச் ரோட்டுல. எத்தினி தபா சொன்னேன். நீங்க டிவி சத்தத்த ஏத்திக்கினே இருந்தீங்க."

சேதியை நான் திருப்பிவிட்ட ஊர்.

போகாதே என்றேன். காலைப் பிடிக்கிறேன் என்றேன். அவள் கையிலிருந்த பனியனை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அலுப்புதான். "திரும்பவும் ஆரம்பிச்சிட்டீங்களா மாமா" என்றாள். சனிக்கிழமை செந்தமிழன் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான், முழுசாக, ஒரு கீறல் இல்லாமல். அவனைக் கட்டிப் பிடித்தேன். அவன் கூச்சத்தில் நெளிந்தான். அவனிடமும் சொல்லிப் பார்த்தேன்.

"அவ ஓடட்டும் நைனா. இருக்கறது ஒரு ஆச. நீ ஏன் குறுக்க நிக்கற?"

சாயங்காலம் கம்பெனி வேன் வந்தது. கூட வேலை செய்கிற பெண்களோடு ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். செந்தமிழன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வெயில் கேட்டைத் தொட்டபோது போன் அடித்தது.

"மாமா, முடிச்சிட்டேன் மாமா. நடக்கவேயில்ல. மெடல் குடுத்துட்டாங்க."

பின்னால் ஜனங்கள் சத்தம், மைக் சத்தம், மேளம். என் உயிர் திரும்பி வந்தது.

"ஒண்ணும் ஆவலியே உனுக்கு?"

"ஒண்ணும் ஆவல. மாமா, நம்ம பெரியவரு இங்கயே வந்துகீறாரு. எம்மாந்தூரம் பாருங்க. பாதியிலருந்து கூடவே ஓடினாரு. உங்க கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். இருங்க, போன அவரு கிட்ட குடுக்கறேன்."

"குடுக்காத" என்றேன்.

மேளம் நின்றது. மைக் நின்றது. கடல் சத்தம்கூட இல்லை.

டொக்.

போனை அணைக்கப் பார்த்தேன். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. தண்ணீர்க் குடத்துக்குள் போட்டுவிட்டேன்.

பகல் முழுக்க எதுவும் நடக்கவில்லை. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று செந்தமிழனிடம் சொன்னேன். அவன் போனில் அவள் பேசினாள். சாப்பிட்டேன், கிளம்புகிறோம் என்றாள். நல்ல குரல். அவன் போனை எஸ்தர் காதில் வைத்துப் பேச வைத்தான். எனக்கு நீட்டினான். நான் கொல்லைக்குப் போய்விட்டேன்.

பொழுது சாய்ந்தபோது முக்கூட்டில் வேன் நின்ற சத்தம் கேட்டது. செந்தமிழன் உள்ளே எஸ்தரோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றேன். பிரிஸ்கில்லா வருவது தெரிந்தது. கழுத்தில் மெடல். நடந்துதான் வந்தாள். களைத்த நடை.

கேட்டுக்கு வெளியே நின்றாள்.

கேட்டைத் தொடவில்லை. என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே வீட்டு முகப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காலடியில் எங்கிருந்தோ எடுத்துவந்த ஒரு குச்சி ஊன்றியிருந்தது.

"ஏசுதாஸு" என்றாள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் மருமகள் என் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட எஸ்தரை விட்டுத்தான் சொல்ல வைப்பாள்.

குரல் அவளுடையதுதான். அதுதான் தாங்க முடியவில்லை.

மகன் உள்ளே இருக்கிறான். பேத்தி உள்ளே இருக்கிறாள். நான் நிற்கிறேன். என் வீட்டு ஆளில் வெளியே இருப்பது அவள் ஒருத்திதான். அப்படியென்றால் அவள் கொண்டுவந்திருப்பது யாருடைய சேதி?

நான் கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் புகுந்து கொல்லைப் பக்கமாக வெளியேறி, வயல் வரப்பில் இருட்டுகிற வரைக்கும் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் எஸ்தருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மெடல் இல்லை. எஸ்தர் போட்டிருந்தாள்.

"எங்க போனீங்க மாமா? எல்லாரும் மெடல் பாத்துட்டாங்க, நீங்கதான் பாக்கல."

"வந்ததும் கேட்டாண்ட இன்னா சொன்ன?"

"இன்னா சொன்னேன்? நேரா உள்ளதான வந்தேன்." செந்தமிழனைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். கிழவனுக்கு முற்றிவிட்டது என்று அர்த்தம்.

பந்தயம் முடிந்த பிறகும் அவள் ஓடுவதை விடவில்லை. இப்போது முழு மாரத்தான் ஓடப் போகிறாளாம். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாக வேலைக்குப் போகிறாள், ஷிப்டில் அவளை லீடராகப் போட்டிருக்கிறார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் விடிகாலை ஓடித் திரும்பும்போது கேட்டுக்கு வெளியே நின்று என் பேரைச் சொல்கிறாள். செந்தமிழன் காதிலும் ஒரு நாள் விழுந்தது. "இன்னா நைனா, உன்னப் பேர் சொல்லிக் கூப்புடுறா, நீயும் சும்மா கீற" என்றான். அவளிடம் கேட்டதற்கு அவள் சத்தியம் பண்ணி இல்லை என்றாள்.

நான் அவளிடம் எதுவும் கேட்பதை விட்டுவிட்டேன். எங்கே போகிறாய், யார் வந்தார்கள், ஒன்றும் கேட்பதில்லை. தவறிக்கூட அந்த வார்த்தை வாயில் வந்துவிடக் கூடாது. நான் கேட்காத வரைக்கும் அவள் அடுப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவள் கூப்பிட்டதும் கொல்லைக் கதவு வழியாக வயலுக்குப் போய்விடுவேன். அவள் உள்ளே வந்து குளிக்கப் போன பிறகுதான் திரும்புவேன். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் காலையும் வாசலில் கூப்பிட்டாள்.

எழுந்து போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம், தரையில், குச்சி தட்டியது.